சான்று கூறுபவர் யார்?

இணையத்தில் பக்கங்கள் பெருகப் பெருக, தேடிய பொருள் கிட்டுவது அரிதாகிறது. இச்சிக்கலை நூலகத்தில் எதிர்கொண்டவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். வாசகரின் நேரத்தைக் காத்தல், 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது. 1933-இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்புமுறை, நூற்பொருளைப் பல முகங்களாகப் பிரித்து முக்காற்புள்ளியால் இணைத்தது: வேளாண் நூலொன்றில் பயிர் ஒரு முகம், நோய் மற்றொரு முகம்.

பகுப்பெண்ணை இடுபவர் நூலாசிரியரோ பதிப்பாளரோ அல்லர். நூலைப் புரட்டிப் பார்த்த நூலகர். 1990-களின் தேடுபொறிகள் சில, பக்கம் தன்னைப்பற்றித் தானே கூறிய குறிச்சொற்களை நம்பின. பொய்க் குறிச்சொற்கள் மலிந்தன. 1998-இல் தோன்றிய கூகுள், பிறர் தரும் இணைப்புகளை எண்ணியது. இணைப்புகளும் விலைக்கு வந்தன. இரண்டிலும் சான்று கூறியவருக்கு ஆதாயம் இருந்தது.

கோடிக்கணக்கான பக்கங்களை நூலகர்கள் படித்து முடித்தல் இயலாது. ஆயினும், துறைதோறும் ஆய்வாளர்கள் விளக்கப் பட்டியல்களைத் தொகுத்தல் இயலும். நான் வசிக்கும் அடுகோடிக்கு நகரின் மறுபுறம், மைசூரு சாலையில், ரங்கநாதன் 1962-இல் நிறுவிய ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையம் இன்றும் அக்கலையைக் கற்பிக்கிறது. புதிய தேடுபொறி எதுவாயினும் மாணவர்கள் அதனிடம் முதலில் கேட்கவேண்டிய வினா: இப்பக்கத்திற்குச் சான்று கூறியவர் யார்? அவருக்கு இதில் ஆதாயம் என்ன?