தூம்பும் டிஜெரிடூவும்

அக்காள்மடத்துத் தேநீர்க்கடையில் ஒருவர் கைபேசியில் டிஜெரிடூ என்ற ஆஸ்திரேலிய ஊதுகருவியின் வாசிப்பை எனக்குக் காட்டினார். "இது தமிழுங்கய்யா. 'திசை கேட்டிட ஊது' தேஞ்சு தேஞ்சு டிஜெரிடூ ஆயிப்போச்சு" என்றார். அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று அடுத்தடுத்த ஊர்களுக்கு உடன்பிறந்தார் கதை சொல்லிப் பழகிய ராமேஸ்வரம் தீவு இது. ஊர்ப்பெயருக்குக் கதை சொல்லலாம். சொல்லுக்குச் சான்று வேண்டும்.

டிஜெரிடூ என்பது ஆஸ்திரேலியப் பழங்குடியினர் சொல்லே அன்று. ஓசையைக் கேட்ட வெள்ளையர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்த ஒலிக்குறிப்பு. கறையான் அரித்துக் குடைந்த யூகலிப்டஸ் மரத்தில் அதைச் செய்யும் யோல்ங்கு மக்கள் 'யிடாகி' என்பர். வட ஆஸ்திரேலியாவின் ராஃபிள்ஸ் விரிகுடாவில் தாம் கண்ட மூங்கில் கருவியின் பெயரை 'எபோரோ' என்று 1835இல் வெளியான பயணநூலில் வில்சன் என்பவர் குறித்திருக்கிறார். இவற்றுள் எங்கே திசை, எங்கே ஊது? அயர்லாந்து மொழியில் 'கரிய ஊதி' என்று பிரிப்பாரும் உண்டு. அதுவும் தேநீர்க்கடை ரகமே. 1991இல் யோத்து யிண்டி இசைக்குழுவின் 'ட்ரீட்டி' பாட்டோடு யிடாகி உலக மேடை ஏறியது. வெள்ளையர் வைத்த பெயரும் ஒட்டிக்கொண்டே வந்தது.

பெயரில் உறவு தேடுவதை விட்டுக் கருவியில் தேடினால் நம்மிடம் தூம்பு இருக்கிறது. சங்க நூலான மலைபடுகடாத்தில் கூத்தர் சுமந்துவரும் கருவிகளில் இரண்டு தூம்புகள். ஒன்று களிறு மூச்சுவிடுவதுபோல் ஒலிக்கும் நெடியது, மற்றது இளி சுரத்தில் இமிரும் குறியது. வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணரும் களிற்றின் மூச்சையே சொல்கிறார். இரண்டு புலவரும் அத்தூம்புக்குக் 'கண்' திறந்ததைக் குறிப்பிடுகிறார்கள். கண் என்பதை மூங்கில் கணு என்றே கொள்வேன். கணுவின் தடுப்பை உடைக்காமல் காற்று எப்படிப் போகும்? அங்கே கறையான் செய்த வேலையை இங்கே மனிதன் செய்தான்.

தூம்பின் அடிப்பொருள் உள்துளை. கல்வெட்டுகளில் ஏரித்தூம்பு, குமிழித்தூம்பு; கன்னடத்தில் தூபு, தெலுங்கில் தூமு, இரண்டும் மதகே. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பெருமை பேசும் எங்கள் சீமையில் மடை என்ற சொல்லே தூம்பை விழுங்கிவிட்டது. நீர் போனால் மடை, காற்று போனால் குழல் என்று இன்று பிரித்துச் சொல்கிறோம். பழந்தமிழுக்கு இரண்டும் தூம்பு.

தும்பிக்கையும் இதன் வழி வந்ததாக இருக்கலாம். யானைக்குத் தும்பி என்று பெயர், அதன் கை தும்பிக்கை என்பாரிடம் தும்பி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை இல்லை. முறை தலைகீழ் என்றே எண்ணுகிறேன். தூம்பான கை முதலில், அதை உடையதால் தும்பி. ஓசைக்கு உவமை தேடிய புலவர் இருவரும் யானையிடமே போய் நின்றது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.