சீனன்குடாவில் ௯௰௧

1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைமீது ஜப்பானியர் குண்டு போட்டபோது, அவர்களுடைய விமானமொன்று சீனன்குடாவில் 91ஆம் எண்ணெய்க் குதத்தில் வந்து மோதியது. பிரித்தானியர் கட்டிய குதங்களில் இன்று மிஞ்சியவை 99. பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் அந்த 91ஐ எழுதியிருந்தால் ௯௰௧ என்று மூன்று குறி போட்டிருப்பார்: ஒன்பது, பத்து, ஒன்று.

இந்த ௰ வெகுதூரம் நடந்து வந்தது. அசோகர் காலத்துப் பிராமியிலிருந்து கிளைத்த எண் மரபில் பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறிகள் இருந்தன. அதன் வடகிளை சுழியத்தையும் இடமதிப்பையும் ஏற்றபின் திபெத்துக்குப் போய், அங்கிருந்து மங்கோலியாவை அடைந்தது. மங்கோலிய எண்கள் பூச்சியம் முதல் ஒன்பதுவரை பத்தே குறிகள். தென்கிளையோ ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) மூன்றையும் விடவில்லை. சீனன்குடாவுக்கு வடக்கே, நிலாவெளிச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு கோணேசருக்கு 250 வேலி நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. பழைய முறையில் அது ௨௱௫௰. இருநூற்று ஐம்பது என்று வாய் சொல்கிற வரிசையிலேயே கை எழுதிவிடும்.

இதைப் பின்தங்கிய முறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. கடைசியில் ஒரு சுழியைக் கூட்டி நிலத்தைப் பத்து மடங்காக்கும் கள்ளத்தனம் இதில் செல்லாது (வேறு கள்ளத்தனங்களுக்கு வழி இருந்திருக்கும்). தொல்லையும் உண்டு: ௮ அகரம்போலவும் ௭ எகரம்போலவும் இருப்பதால், எண்ணா எழுத்தா என்று இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

சிங்கள இலக்கங்களிலும் சுழியம் கிடையாது. 1815 கண்டி ஒப்பந்தத்தின் சிங்களப் பிரிவுகளுக்கு இட்ட எண்கள் அவையே. ஆங்கிலேயர் ஆட்சி ஊன்றியதும் வழக்கொழிந்தன. தமிழ் எண்களுக்குச் சுழியம் சேர்த்தது 1825இல் வந்த 'கணித தீபிகை' என்னும் நூல். ஆனால் பள்ளிக்கூடமும் கச்சேரியும் 1, 2, 3க்கு மாறிவிட்டதால், புதுச் சுழிக்கு வேலை அதிகம் கிடைக்கவில்லை. யூனிகோடில்கூட ௧ முதல் ௲ வரை முதலிலேயே ஏறிவிட, ௦ மட்டும் 2005வரை காத்திருந்தது.

இலங்கை ரூபாய்த் தாளில் தமிழ்ச் சொல் உண்டு, தமிழ் எண் இல்லை. அது மொரிசியஸ் தாளில் இருக்கிறது. 1998இல் அங்கே புதுத் தாள்களில் தமிழை இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறக்கினார்கள். தமிழர் கொதித்தெழுந்ததும் மத்திய வங்கி அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டது.