மியூனிச் மாநகர சபையின் கணினிகள்: ஒரு கட்டற்ற இயங்குதளத்தின் பதினான்கு ஆண்டுக் கதை

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம், அப்போது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் சுவிற்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார். அவ்விடுமுறையை இடைநிறுத்திவிட்டு ஜேர்மனியின் மியூனிச் நகருக்குச் சென்று, அந்நகர மேயர் கிறிஸ்டியான் ஊடேயை அவர் சந்தித்தார். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ஒரு மாநகர சபையின் வாசலுக்குத் தேடிச் செல்லுமளவுக்கு அங்கு என்ன நேர்ந்துவிட்டது? சபையின் அலுவலகங்களில் இருந்த ஏறத்தாழ 14,000 கணினிகளிலிருந்து விண்டோஸ் இயங்குதளத்தை அகற்றி, அவற்றில் லினக்ஸை நிறுவுவதா என்று அம்மாநகர சபை ஆலோசித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

மைக்ரோசொப்டின் வருமானத்தோடு ஒப்பிடுகையில் 14,000 கணினிகள் ஒரு துளியே. ஆனால் அது வெறும் எண்ணிக்கை சார்ந்த விடயமாக இருக்கவில்லை. லினக்ஸ் அறிஞர்களுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் இணைய வழங்கிகளுக்குமே உரியது, சாதாரண எழுதுவினைஞரின் மேசைக்கு அது ஒத்துவராது என்ற நம்பிக்கையின் மீதே அந்நாளைய கணினிச் சந்தை நின்றது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வழங்கும் உத்தியோகத்தரும் வரி அறவிடும் உத்தியோகத்தரும் நாளாந்தம் அதில் பணியாற்றலாம் என்று ஒரு பெருநகரம் நிரூபித்துவிட்டால், அந்த நம்பிக்கை தகர்ந்துவிடும்.

லினக்ஸின் தோற்றத்தை இங்கு சுருக்கமாகவேனும் கூறவேண்டும். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். எட்டு ஆண்டுகளில் அத்திட்டம் பல கருவிகளை உருவாக்கியிருந்தது. ஆனால் அவற்றையெல்லாம் இயக்கவல்ல கருப்பகுதி நிறைவுபெறவில்லை. 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 386 ரகக் கணினிக்காகப் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதிவருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அதனை ஸ்டோல்மனின் பொது உரிமத்தின் கீழ் அவர் வெளியிட்டார். இரு முயற்சிகளும் ஒன்றிணைந்தபோது, எவருக்கும் உரிமக் கட்டணம் செலுத்தாமல் ஒரு கணினியை முழுமையாக இயக்குவது சாத்தியமாயிற்று.

சாதாரண மனிதருக்கு அது எட்டுவதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன. அதில் ஜேர்மனியின் பங்கு பெரிது. 1992இல் ஜேர்மன் மாணவர்கள் தொடங்கி நூரெம்பேர்க்கிலிருந்து இயங்கிய சூசே நிறுவனம், லினக்ஸை எளிதில் நிறுவத்தக்க பொதியாக விற்றது. 1996இல் டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக், சுட்டியால் இயக்கத்தக்க கே.டி.ஈ. என்ற திரைமுகத்தைத் தொடக்கிவைத்தார். ஜேர்மனியில் பிறந்த ஸ்டார் ஒபிஸ் என்ற அலுவலக மென்பொருளை 1999இல் சன் நிறுவனம் வாங்கி, மறு ஆண்டு அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதுவே ஓப்பன் ஒபிஸ் ஆயிற்று. ஆக, மியூனிச் மாநகர சபை மாற்று வழியைத் தேடியபோது, அதற்குத் தேவையான அறிவும் ஆளணியும் அந்நாட்டிலேயே இருந்தன.

மாற்று வழியைத் தேடவேண்டிய நிலையை உருவாக்கியது மைக்ரோசொப்ட்தான். சபையின் கணினிகள் விண்டோஸ் என்.டி. 4 பதிப்பில் இயங்கின. அப்பதிப்புக்கான ஆதரவை 2004ஆம் ஆண்டுடன் நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. கணினிகள் பழுதடையவில்லை, உத்தியோகத்தர்கள் குறை கூறவுமில்லை. ஆயினும் விற்பனையாளர் குறித்த நாளில் வாடிக்கையாளர் புதிய பதிப்பை வாங்கியே ஆகவேண்டும். ஒரு நகரத்தின் நிர்வாகச் செலவுக்கான கால அட்டவணையை அந்த நகர மக்கள் தெரிவுசெய்த சபை தீர்மானிப்பதா, அட்லாண்டிக்குக்கு அப்பாலுள்ள ஒரு நிறுவனம் தீர்மானிப்பதா என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது.

2003ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி மாநகர சபை 50க்கு 30 என்ற வாக்குகளால் லினக்ஸைத் தெரிவுசெய்தது. இத்தீர்மானத்தைப் பணம் மிச்சப்படுத்தும் முயற்சியாகவே பலர் இன்றும் கருதுகின்றனர். உண்மை வேறு. மைக்ரோசொப்ட் தனது விலையைப் படிப்படியாகக் குறைத்து இறுதியில் 23.7 மில்லியன் டொலருக்கு இறங்கியது என்றும், சூசேயும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து கோரிய தொகை 35.7 மில்லியன் டொலர் என்றும் அமெரிக்க நாளேடான யூ.எஸ்.ஏ. டுடே அவ்வாண்டு ஜூலையில் எழுதியது. விலை கூடியதையே சபை தெரிந்தெடுத்தது. ஒரே விற்பனையாளரைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து விடுபடுவதற்கு ஒரு பெறுமதி உண்டு என்று அது கணித்தது. லினக்ஸ் என்றால் இலவசம் என்று மட்டும் புரிந்துகொள்வோர் மனங்கொள்ள வேண்டிய செய்தி இது.

திட்டத்துக்கு 'லிமக்ஸ்' என்று பெயரிடப்பட்டது. தீர்மானம் நிறைவேற்றுவது ஒரு நாள் வேலை. நடைமுறைப்படுத்துவது பத்து ஆண்டு வேலை என்பது விரைவிலேயே தெரியவந்தது. 2004ஆம் ஆண்டு ஓகஸ்டில், ஐரோப்பாவில் மென்பொருட் காப்புரிமைச் சட்டம் வந்தால் லினக்ஸுக்கு ஆபத்து நேருமோ என்ற ஐயம் எழவே, கேள்விப்பத்திர நடவடிக்கைகள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. மறு ஆண்டு, பெருநிறுவனங்களின் பொதிகளை விடுத்து, தன்னார்வலர் சமூகத்தின் ஆக்கமான டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொள்வதென முடிவாயிற்று. பின்னர் அது உபுண்டுவுக்கு மாறியது. முதலாவது மேசைக் கணினிகள் மாற்றப்பட்டதோ 2006ஆம் ஆண்டு இறுதிப் பகுதியில்தான்.

தாமதத்துக்கான காரணத்தை லினக்ஸில் தேடிப் பயனில்லை. சபையின் ஒவ்வொரு திணைக்களமும் தனக்கெனக் கணினிப் பிரிவொன்றை வைத்திருந்தது. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட பிரிவுகள். ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி வாங்கிக் குவித்த மென்பொருள்கள், வேர்ட், எக்செல் ஆகியவற்றுக்குள் பல்லாண்டுகளாக எழுதிச் சேர்த்த ஆயிரக்கணக்கான கடித மாதிரிகள், குறுநிரல்கள் எனப் பட்டியல் நீண்டது. எந்த மாதிரி எங்கே பயன்படுகிறது என்பதை அறிந்தவர் எவருமில்லை. எனவே முதலில் வீட்டைக் கூட்டிப் பெருக்கவேண்டியிருந்தது. விண்டோஸ் இருக்கும்போதே ஓப்பன் ஒபிஸைப் புகுத்தி, உத்தியோகத்தர்கள் அதற்குப் பழகிய பின்னர் இயங்குதளத்தை மாற்றும் படிமுறை கையாளப்பட்டது. கடித மாதிரிகளை ஒழுங்குபடுத்த 'வொல்மக்ஸ்' என்ற மென்பொருளைச் சபையின் ஆட்களே எழுதினர். 2008ஆம் ஆண்டு அதன் மூலநிரலையும் உலகுக்குத் திறந்துவிட்டனர். மக்களின் வரிப்பணத்தில் உருவானதை மக்களுக்கே திருப்பிக் கொடுத்த செயல் அது.

2012ஆம் ஆண்டு நவம்பரில், விண்டோஸிலேயே தொடர்ந்திருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய செலவோடு ஒப்பிடுகையில் 10 மில்லியன் யூரோவுக்கு மேல் மிச்சமாகியிருப்பதாகச் சபை கணக்குக் காட்டியது. மைக்ரோசொப்டுக்காக எச்.பி. நிறுவனம் தயாரித்த ஆய்வொன்று அதனை மறுத்தது. அம்மறுப்பைச் சபை நிராகரித்தது. 2013ஆம் ஆண்டு இறுதியில் ஏறத்தாழ 15,500 கணினிகளில் 14,800க்கு மேற்பட்டவை லினக்ஸில் இயங்கின. தொடக்கத்தில் வகுத்த இலக்கு தாண்டப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிவடையவிருந்ததால், பழைய கணினிகளைக் குப்பையில் எறியவேண்டாம் என்று கூறி, இலகுரக உபுண்டு அடங்கிய 2,000 இறுவட்டுகளை நகர நூலகங்கள் வாயிலாகப் பொதுமக்களுக்கும் சபை வழங்கியது.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு வெற்றிக் கதை. ஆனால் 2014ஆம் ஆண்டு கிறிஸ்டியான் ஊடே பதவியிலிருந்து விலகினார். அதே சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த டீற்றர் ரைற்றர் மேயரானார். லிமக்ஸ் பற்றிய அதிருப்தியை அவர் ஆரம்பத்திலேயே வெளியிட்டார். மைக்ரோசொப்ட் தனது ஜேர்மன் தலைமையகத்தை அயலூரான உன்ரர்ஷ்லைஸ்ஹைமிலிருந்து மியூனிச் நகருக்குள் கொண்டுவரும் முடிவு அதற்கு முன்னரே எடுக்கப்பட்டிருந்தது. 2016இல் அது இடம்பெயர்ந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டு எழுதியோர் பலர். காரண காரியத் தொடர்பை நிரூபிக்கும் ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும்.

உத்தியோகத்தர்களின் முறைப்பாடுகள் கற்பனையானவையும் அல்ல. வெளியிலிருந்து வரும் வேர்ட் ஆவணங்கள் உருக்குலைந்து தோன்றின. சில சிறப்பு மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே இயங்கியமையால், ஒரு பகுதிக் கணினிகள் இறுதிவரை விண்டோஸிலேயே இருந்தன. ஆகவே இரண்டு உலகங்களையும் பராமரிக்கும் சுமை நீங்கவில்லை. நிலைமையை ஆராய அக்சென்சர் நிறுவனத்தைச் சபை அமர்த்தியது. அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டு மைக்ரோசொப்டுடன் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியதாகும். ஆயினும் அதன் 2016ஆம் ஆண்டு அறிக்கைகூட, கோளாறுகளின் வேர் பெரும்பாலும் நிர்வாக ஒழுங்கமைப்பிலேயே உள்ளது என்று கண்டது. காலங்கடந்த பதிப்புகள், சிதறிய பொறுப்புகள், தாமதமான முடிவுகள் என்பனவே அவை. இயங்குதளத்தை மாற்றுவதற்குக் கட்டாயமான தொழினுட்பக் காரணம் எதுவும் இல்லை என்று சபையின் சொந்தக் கணினிச் சேவைத் தலைவரே பகிரங்கமாகக் கூறினார்.

அக்குரல் எடுபடவில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, ஏறத்தாழ 29,000 கணினிகளையும் 2020ஆம் ஆண்டு இறுதிக்குள் விண்டோஸ் 10க்கு மாற்றுவதென மாநகர சபை தீர்மானித்தது. அதற்கான செலவு ஏறத்தாழ 50 மில்லியன் யூரோ என்று செய்தி வெளியாயிற்று. பசுமைக் கட்சி எதிர்த்து நின்றது.

இதனை லினக்ஸின் தோல்வி என்று எழுதிவிடுவது எளிது. பத்திரிகைத் தலைப்புக்கு அது பொருந்தும், வரலாற்றுக்குப் பொருந்தாது. ஏனெனில் அதே காலத்தில் பிரான்ஸில் தேசிய ஜொந்தார்மெரி என்ற காவற்படை அதே பாதையில் சென்றது. 2005இல் ஓப்பன் ஒபிஸுக்கு மாறிய அப்படை, 2008இல் உபுண்டுவைத் தழுவத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டளவில் அதன் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் லினக்ஸில் இயங்கின. அங்கும் சாதாரண கணினிகளே, சாதாரண உத்தியோகத்தர்களே. அங்கே கட்டளை ஒரே இடத்திலிருந்து பிறந்தது. தேர்தல்தோறும் கேள்வி புதிதாக எழவில்லை. மியூனிச்சிலோ, கட்டற்ற மென்பொருளின் காவலராக விளங்கியது ஒரு மேயரின் உறுதிப்பாடு. அவர் சென்றதும் காவலும் சென்றது. லினக்ஸை நிறுவியவர்கள் அதனை நிறுவனமயப்படுத்தத் தவறினர் என்பதே இவ்வரலாறு தரும் தீர்ப்பாகத் தோன்றுகின்றது.

பின்னர் நடந்தவையும் கவனத்துக்குரியன. 2020இல் மியூனிச்சின் புதிய கூட்டணி, பொதுப்பணத்தில் எழுதப்படும் மென்பொருள் பொதுச்சொத்தாக வேண்டும் என்ற கோட்பாட்டைத் தன் உடன்படிக்கையில் சேர்த்தது. 2024 ஏப்ரலில், வட ஜேர்மன் மாநிலமான ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன், தனது 30,000 கணினிகளில் முதலில் லிப்ரே ஒபிஸையும் பின்னர் லினக்ஸையும் நிறுவப்போவதாக அறிவித்தது. தரவுகள் மீதான இறைமையே அது முன்வைத்த காரணம். 2003இல் மியூனிச் சொன்னதும் அதுவே. 50 மில்லியன் யூரோ செலவில் மியூனிச் தெரிந்தெடுத்த விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுக்கு வந்தது. என்.டி. 4 எழுப்பிய அதே கேள்வி இருபத்தொரு ஆண்டுகளின் பின்னர் மறுபடியும் வந்து நின்றது.

இம்முறை அது எம் வீடுகளுக்குள்ளும் வந்து நிற்கின்றது. விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் தகைமை இல்லாமையால், நன்கு இயங்கும் எத்தனையோ கணினிகள் பழையவை என்று முத்திரை குத்தப்பட்டுள்ளன. அவற்றில் பலவற்றில் லினக்ஸ் இன்றும் தங்குதடையின்றி ஓடும். மியூனிச் உத்தியோகத்தர்கள் பயன்படுத்திய கே.டி.ஈ. திரைமுகத்தைத் தமிழ்த் தன்னார்வலர்கள் தமிழிலும் ஆக்கியிருக்கிறார்கள். அதற்காக எவரிடமும் அனுமதி கேட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. மூலநிரல் திறந்திருந்தமையே போதுமானதாக இருந்தது. ஆனால் அதனைத் தொடர்ந்து பேண ஆட்கள் வேண்டும். ஓர் ஆர்வலர் ஓய்ந்தால் மற்றொருவர் பொறுப்பேற்கும் ஏற்பாடு வேண்டும். பள்ளிக்கூடமாயினும் சனசமூக நிலையமாயினும் லினக்ஸை நிறுவ முற்படுவோர், இயங்குதளத்தைத் தரவிறக்குமுன் அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்வது நன்று.