தலைகீழாகப் படித்த எண்

டெலிபோனுக்கு எண் என்று ஒன்று ஆதியில் கிடையாது. 1876-இல் கிரகாம் பெல் அந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு சில ஆண்டுகள் வரை, டெலிபோன் வைத்திருந்தவர்கள் பெயரைச் சொல்லித்தான் இணைப்புக் கேட்டார்கள். எந்தப் பெயருக்கு எந்தத் துவாரத்தில் கம்பியைச் செருக வேண்டும் என்பது இணைப்பகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மனப்பாடம். 1879-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து லோவெல் நகரில் மணல்வாரி அம்மை பரவியது. மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற டாக்டரைக் கவலை பிடித்துக்கொண்டது. இணைப்பகத்தில் இருப்பது நாலே பேர். நாலு பேரும் படுத்துவிட்டால், புதிதாக வருகிறவர் 200-க்கு மேற்பட்ட பெயர்களை எப்படி நினைவில் வைப்பார்? ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். மனிதரை எண்ணால் குறிப்பிட்டால் சந்தாதாரர்கள் அவமரியாதை என்று கோபிப்பார்களோ என்று கம்பெனிக்காரர்கள் அஞ்சினார்களாம். எண் நிலைத்துவிட்டது.

நூறு ஆண்டுகள் கழித்துக் கம்ப்யூட்டர் உலகில் இதே கதை எதிர்த் திசையில் நடந்தது. அங்கே யந்திரங்களுக்கு முதலில் இருந்தது எண்தான். மனிதர்களால் நினைவில் வைக்க முடியவில்லை என்று பெயர் சூட்டினார்கள். அர்ப்பாநெட் என்ற அமெரிக்க வலையில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற ஜாபிதாவைக் கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லரின் குழுவினர் வைத்திருந்தார்கள். புது யந்திரம் சேர்க்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள். வலை பெருகப் பெருக, ஒரே ஜாபிதா தாங்கவில்லை.

1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஜாபிதாவை மரமாக்கினார். அந்தக் காலத்துத் தாலுகா கச்சேரியில் ஒவ்வொருவருடைய வயலும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்தக் கிராமத்துக்கு எந்தக் கர்ணம் என்று தெரிந்தால் போதும், மற்றதைக் கர்ணம் சொல்லிவிடுவார். அதே ஏற்பாடுதான். வேரில் இருப்பவர் கிளையைக் காட்டுவார், கிளையில் இருப்பவர் இலையைக் காட்டுவார். டொமைன் பெயர் அமைப்பு என்று அதற்குப் பெயர். இன்று நாம் கம்ப்யூட்டரில் தட்டும் விலாசங்களெல்லாம் அதன் வழியாகவே தேடி எடுக்கப்படுகின்றன.

இந்த மரத்தில் டெலிபோன் எண்ணையும் தொங்கவிட்டால் என்ன என்று யோசித்தவர்கள் கார்ல் மலமூத், மார்ஷல் ரோஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள். ஆண்டு 1993. புதிதாக யந்திரம் வாங்கவில்லை. புதிய விதி எதுவும் மரத்துக்கு எழுதவில்லை. செய்ததெல்லாம் எண்ணைத் தலைகீழாக எழுதியதுதான்.

ஏன் தலைகீழ்? கடிதத்தின் மேல் நாம் விலாசம் எழுதுகிற முறையை நினைத்துப் பாருங்கள். முதலில் பெயர், பிறகு தெரு, ஊர், கடைசியில் தேசம். டொமைன் பெயரும் அப்படியே சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடியும். டெலிபோன் எண்ணோ தேசத்தில் தொடங்கி வீட்டில் முடிகிறது. ஆகவே எண்ணைப் பின்னாலிருந்து படித்து, இலக்கத்துக்கு இலக்கம் புள்ளி வைத்தால் மரத்துக்குப் புரிகிற பெயராகிவிடும். கம்ப்யூட்டர் எண்ணிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்க இதே தந்திரம் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தது. இருவரும் அதை டெலிபோனுக்குப் பிரயோகித்தார்கள்.

அவர்கள் நடத்திய சோதனையில் தபால் ஒன்று கம்ப்யூட்டரில் புறப்பட்டு, தூரதேசத்து ஃபாக்ஸ் யந்திரத்தில் காகிதமாக வந்து விழுந்தது. அந்த எண் இருக்கும் ஊரில் யாராவது ஒரு தொண்டர், 'எங்கள் வட்டாரத்து எண்களுக்கு நான் பொறுப்பு' என்று மரத்தில் பதிந்திருப்பார். அவருடைய யந்திரம் தபாலை வாங்கி உள்ளூர் அழைப்பாக அனுப்பிவிடும். வெளியூர்க் கட்டணம் மிச்சம். இந்த ஏற்பாட்டுக்கு 'டிபிசி' என்று பெயர் வைத்தார்கள். 'தி ஃபோன் கம்பெனி' என்பதன் சுருக்கம். 1967-இல் வந்த ஓர் அமெரிக்கச் சினிமாவில் டெலிபோன் கம்பெனிதான் வில்லன். பெயர் அங்கிருந்து வந்தது. விளையாட்டான பெயர்தான், ஆனால் வம்பு எங்கே வரும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிட்டது.

2000-இல் சுவீடன் நாட்டுப் பாட்ரிக் ஃபால்ட்ஸ்ட்ரோம் இந்த யோசனைக்கு முறையான விதி எழுதினார். ஆங்கிலத்தில் அதன் பெயரைச் சேர்த்து உச்சரித்தால் தமிழில் அர்த்தம் விபரீதமாகிவிடும்; ஆகவே 'ஈ-நம்' என்று பிரித்தே எழுதுகிறேன். இதில் ஓர் எண்ணைக் கேட்டால் மரம் ஒரு பட்டியலைத் தரும்: முதலில் இன்டர்நெட் வழியாகக் கூப்பிடு, கிடைக்காவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு, அதுவும் இல்லையென்றால் தபால் அனுப்பு. பட்டியலின் வரிசையைத் தீர்மானிப்பவர் எண்ணுக்குரியவரே. வேரைப் பராமரிக்கும் பொறுப்பு ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைப் என்ற ஸ்தாபனத்துக்கு வந்தது. ஒவ்வொரு தேசத்தின் கிளையையும் யார் கையில் ஒப்படைப்பது என்பதில் ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் கலந்துகொண்டது. பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரியா முதலிய நாடுகளில் சோதனைகள் நடந்தன. 2004 டிசம்பரில் ஆஸ்திரியா முதல் நாடாக இதை வியாபார ரீதியில் தொடங்கியது.

யந்திரங்கள் வேலை செய்தன. மரம் கேட்டதற்குப் பதில் சொன்னது. பிறகு ஏன் இது வீட்டுக்கு வீடு வரவில்லை?

சோதனைகள் வேறொரு கேள்வியில் வந்து முட்டிக்கொண்டன: இந்த எண் யாருடையது? ஒருவர் வந்து 'இது என் எண், பதிந்துகொள்ளுங்கள்' என்றால், அவர் சொல்வது நிஜம் என்று யார் சாட்சி சொல்வது? நாளைக்கு அவர் எண்ணை விட்டுவிட்டு, அது வேறொருவருக்குப் போனால் பழைய பதிவை யார் அழிப்பது? இரண்டுக்கும் விடை தெரிந்தவர் டெலிபோன் கம்பெனிக்காரர் ஒருவர்தான். அவரோ அழைப்புக்குக் கட்டணம் வாங்கிப் பிழைக்கிறவர். அழைப்பு இனாமாகப் போகிற பாதைக்கு அவர் ஏன் விளக்குப் பிடிப்பார்? பொது ஏட்டில் விலாசங்களைத் திறந்து வைத்தால் விளம்பரக்காரர்கள் வாரிக்கொண்டு போவார்களே என்ற பயமும் நியாயமானதே. கம்பெனிகள் அதே மரத்தின் பதியன்களைத் தங்கள் மதிலுக்குள்ளேயே நட்டுக்கொண்டன. பொது ஜனங்களுக்கான மரம் காய்க்காமல் நின்றது.

ஆனாலும் யோசனை சாகவில்லை. 2009-இல் வாட்ஸ்அப் வந்தது. டெலிபோன் எண்ணைக் கொடுத்தால் மனிதரைக் கண்டுபிடித்துத் தருகிறது. பேச்சு, கடிதம், படம் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குப் போகின்றன. 'ஈ-நம்' செய்ய நினைத்ததும் ஏறக்குறைய இதுதான். வித்தியாசம் ஒன்றே. அந்த மரம் பொதுவில் நின்றது. வேர் ஒருவரிடம், கிளை பலரிடம், இலை அவரவரிடம். இப்போதைய ஏடு ஒரே கம்பெனியின் பெட்டகத்தில் இருக்கிறது. சாவியும் அவர்களிடமே இருக்கிறது.

பொதுக் கிணறு வெட்டினார்கள், நீரும் இருந்தது. அதற்குள், வீட்டு வாசலில் குடம் குடமாக இனாமாகத் தண்ணீர் ஊற்ற ஒருவர் வந்துவிட்டார். நாம் குடத்தை நீட்டினோம். அதில் தவறு சொல்ல முடியாது. கிணற்றின் சொந்தக்காரர் யார் என்று மட்டும் அவ்வப்போது விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.