வரியும் காணிக்கையும்

ஒரு கட்டடத்தை எழுப்புவது அரிது. எழுப்பியதை நூற்றாண்டுதோறும் காத்து வருவது அதனினும் அரிது. எழுப்பியவர் பெயர் கல்வெட்டில் நிற்கும். ஒழுகும் கூரைக்கு ஆண்டுதோறும் பணம் தேடியவர் பெயரை யாரும் பொறித்து வைப்பதில்லை. ஆயினும், அந்தக் கூரைக்குப் பணம் தரவேண்டியவர் யார் என்னும் எளிய கேள்வி ஒரு நாட்டின் சட்டத்தையே அசைத்ததுண்டு. இங்கிலாந்தில், எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துப் பிரெயின்ட்ரி என்னும் சிற்றூரில் நிகழ்ந்த வரலாறு அது.

இங்கிலாந்து நாடு நெடுங்காலமாகப் ‘பங்கு’ எனப்படும் சிறு பிரிவுகளாகப் பிரிந்திருந்தது. பங்குதோறும் ஒரு தேவாலயம் உண்டு. அதன் பலிபீடப் பகுதியைப் பழுது பார்ப்பது, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைப் பெற்றுவந்தவரின் கடமை. மக்கள் கூடி வழிபடும் நடுக்கூடத்தையும், மணியையும், கல்லறைத் தோட்டத்து வேலியையும் காப்பது ஊராரின் கடமை. இதற்கென விதிக்கப்பட்டதே திருச்சபை வரி. நம் ஊர்த் தலைக்கட்டு வரியைப் போல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அது விதிக்கப்படவில்லை. அவரவர் வைத்திருந்த நிலம், வீடு ஆகியவற்றின் மதிப்பை ஒட்டி விதிக்கப்பட்டது. ஊரார் கூடும் ‘வெஸ்ட்ரி’ என்னும் பொதுக்கூட்டம் அதற்கு இசைவு தரும்; ஆலயக் காப்பாளர் இருவர் வரியைத் தண்டுவர்.

ஊரார் அனைவரும் ஒரே சபையினராய் இருந்தவரை இம்முறை இடரின்றி நடந்தது. பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள் முதலியோர் அரசுத் திருச்சபையிலிருந்து விலகித் தனிச் சபைகள் அமைத்தபோது இடர் தோன்றியது. அவர்கள் தம் வழிபாட்டு மனைகளைத் தம் பொருளாலேயே கட்டிக் காத்தனர். அதற்கு மேல், தாம் காலடி வைக்காத ஆலயத்துக்கும் வரி செலுத்த வேண்டியவராயினர். செம்ஸ்போர்டு நகரத்தில் ஜான் தாரோகுட் என்னும் செருப்புத் தொழிலாளி 5 ஷில்லிங் 6 பென்ஸ் வரியைச் செலுத்த மறுத்தார். திருச்சபை நீதிமன்றத்தின் அழைப்பையும் ஏற்கவில்லை. 1839ஆம் ஆண்டு சிறை புகுந்த அவர், மறு ஆண்டின் இறுதியில்தான் வெளிவந்தார்.

பிரெயின்ட்ரியில் வழக்கு 1837இல் தொடங்கியது. ஊர்க்கூட்டத்தில் பெரும்பான்மையோர் வரிக்கு இசைய மறுத்தனர். காப்பாளர்களின் நிலைமையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆலயத்தைப் பழுது பார்க்கும் கடமையைச் சட்டம் அவர்கள் தலையில் சுமத்தியிருந்தது. பொருளோ ஊரார் கையில் இருந்தது. எனவே அவர்கள் தாமாகவே வரியை விதித்தனர். எதிர்த்து நின்றவர்களுக்குப் பட்டு ஆலை அதிபர் சாமுவேல் கோர்ட்டால்ட் தலைமை தாங்கினார். திருச்சபை நீதிமன்றம் காப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1840லும் 1841லும் மேல்மன்றங்கள் அவ்வரி செல்லாது என்றன.

எனினும் அத்தீர்ப்பிலேயே ஒரு வாயில் திறந்திருந்தது. காப்பாளர் தனித்து விதிக்காமல், அதே கூட்டத்தில் சிறுபான்மையோருடன் சேர்ந்து விதித்திருந்தால் என்னாகும் என்னும் ஐயத்தைத் தலைமை நீதிபதி டிண்டல் எழுப்பியிருந்தார். காப்பாளர்கள் அதனைப் பற்றிக்கொண்டனர். 1841இல் மீண்டும் கூட்டம் கூடியது. பெரும்பான்மையோர் மீண்டும் மறுத்தனர். சிறுபான்மையோரைக்கொண்டு வரி விதிக்கப்பட்டது. வழக்கும் மீண்டும் எழுந்தது. 1847இலும் 1850இலும் காப்பாளரே வென்றனர். இறுதியில் 1853இல் பிரபுக்கள் சபை, பெரும்பான்மையோர் இசையாத வரி வரியே அன்று எனத் தீர்த்தது. 16 ஆண்டுப் போராட்டம் முடிவுற்றது.

அத்தீர்ப்புக்குப்பின், ஊரார் மறுத்தால் வரி இல்லை என்பது நாடெங்கும் உறுதியாயிற்று. 1851ஆம் ஆண்டுச் சமயக் கணக்கெடுப்பு, வழிபாட்டுக்குச் சென்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்ததைக் காட்டியிருந்தது. 1868இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் கட்டாய வரியை ஒழித்தது. விரும்பிக் கொடுப்பதை மட்டும் அது தடுக்கவில்லை.

வரி போனால் ஆலயங்கள் இடிந்து வீழும் என்று அஞ்சினர் பலர். பெரும்பாலானவை வீழவில்லை. காணிக்கையும், இருக்கை வாடகையும், விற்பனை விழாக்களும் அவற்றைத் தாங்கின. ஆயினும் அச்சம் முற்றிலும் பொய்யன்று. மக்கள் நகரங்களை நாடிச் சென்றபோது, பெரிய ஆலயமும் சில குடும்பங்களுமே எஞ்சிய சிற்றூர்களில் அன்புள்ளோர் இருந்தும் பணம் போதவில்லை. வழிபாடு நின்றுபோன சிறந்த ஆலயங்களைக் காக்க 1969இல் ஒரு நிதியமைப்பு நிறுவப்பட்டது. திருச்சபையும் அரசும் சேர்ந்து அதற்குப் பொருள் வழங்கின. அவ்வமைப்பின் காவலில் இன்று 350க்கும் மேற்பட்ட ஆலயங்கள் உள்ளன. சமயக் கடமையாக ஊரார்மீது சுமத்த இயலாத செலவு, வரலாற்றுச் செல்வத்தைக் காக்கும் கடமையாக நாட்டின் பொதுக் கணக்குக்கு ஒரு பகுதி திரும்பி வந்தது!

பிரெயின்ட்ரி வழக்கில் தீயவர் எவரும் இலர். ஒரு சாரார் தம் மனச்சான்றைக் காத்தனர். மறுசாரார் தம் முன்னோர் விட்டுச்சென்ற கூரையைக் காக்க முயன்றனர். முன்னவர் வென்றது நீதியே. ஆனால் அவ்வெற்றி ஒரு பொறுப்பையும் உடன் கொண்டுவந்தது. கட்டாயம் நீங்கிய இடத்தில் விருப்பம் வந்து நிற்க வேண்டும்; அது வாராவிடில் கூரை ஒழுகும். பிரெயின்ட்ரியின் புனித மிக்கேல் ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. கட்டாய வரி மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதன் கதவு திறந்திருக்கிறதென்றால், கேட்காமலே கொடுத்தவர்கள் தலைமுறைதோறும் இருந்தார்கள் என்பதே பொருள்.