துண்டின் ஒரு வரிசையைத் திருத்துதல்

பெரிய எண் அணியைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியே சுருக்கி வைக்கும் முறையை அறிவியல் மென்பொருளில் பரவலாக்கியது எச்டிஎஃப்5. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக மீக்கணினி மையத்தில் உருவான இந்தக் கோப்பு வடிவம் 1998இல் வெளியானது. வேண்டிய துண்டை மட்டும் எடுத்துப் படிக்கலாம் என்பது பெரிய வசதி. எழுதும்போதுதான் சிக்கல். சுருக்கிய துண்டின் நடுவே கைவைக்க முடியாது. ஓர் எண்ணை மாற்றவும் துண்டு முழுவதையும் படித்து, விரித்து, திருத்தி, மறுபடி சுருக்கி எழுத வேண்டும்.

வரிசைக்கு 1000 எண்களாக 1000 வரிசைகள் கொண்ட துண்டு ஒன்று. எண்ணுக்கு 4 பைட் என்றால் மொத்தம் 4 மெகாபைட். எச்டிஎஃப்5 நெடுங்காலம் இயல்பாகத் தந்த இடைநினைவகமோ 1 மெகாபைட். துண்டு அதில் அடங்காது. ஆகவே வரிசை வரிசையாக எழுதும் நிரல் ஒரே துண்டை ஆயிரம் முறை சுருக்குகிறது. நிரல் ஏன் இப்படி இழுக்கிறது என்று பயனருக்குப் புரிவதில்லை.

படங்களை அடுத்தடுத்து எடுத்துத் தள்ளும் எக்ஸ்-கதிர் உணர்விகளின் வேகத்துக்கு இந்த மறுசுருக்கம் கட்டுப்படியாகவில்லை. 2013இல் எச்டிஎஃப்5 துண்டை நேரடியாக எழுதும் வசதியைச் சேர்த்தது. ஒரு படம் ஒரு துண்டு. நிரலே அதைச் சுருக்கி முழுசாகக் கொடுத்துவிடும். துண்டு முழுவதும் புதிதாக வரும்போது பழையதைப் படிக்கும் வேலையே இல்லை. துண்டை முழுதாக எழுதுவது என்ற இந்தக் கொள்கை பின்னால் வந்த வழிகளிலும் தென்படுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் கொசு மரபணுத் தரவுகளோடு உழைத்த அலிஸ்டர் மைல்ஸ் தொடங்கிய ஸார் என்ற சேமிப்பு வடிவம், ஒவ்வொரு துண்டையும் தனிக் கோப்பாக்கியது. பல செயல்முறைகள் வெவ்வேறு துண்டுகளில் ஒரே நேரத்தில் எழுதலாம், பூட்டு தேவையில்லை. ஆனால் இரண்டு செயல்முறைகள் ஒரே துண்டின் இரு பாதிகளைத் திருத்தினால், இரண்டும் பழைய பிரதியைப் படிக்கும்; கடைசியாக எழுதியது முந்தையதை அழிக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. இதைவிட ஆபத்தான பிழை அறிவியல் கணிமையில் அரிது. ஸாரின் இரண்டாம் பதிப்பு துண்டுக்கொரு பூட்டு தந்தது. ஒரே கணினியிலோ பொதுக் கோப்பகத்திலோ அது போதும். அமேசான் எஸ்3 போன்ற மேகச் சேமிப்பில் அந்தப் பூட்டுக்கு இடமில்லை. அங்கே கோப்புக்கு இணையான ‘பொருள்’ ஒன்றைப் பொதுவாக முழுதாகத்தான் மாற்றி வைக்க முடியும்.

ஸாரில் தரவை எழுதும் எக்ஸ்அரே நூலகம் வேறு வழி எடுத்தது. இரு பணிகள் ஒரே துண்டைத் தொடும்படி எல்லைகள் அமைந்தால், எழுதும் முன்பே மறுத்துவிடுகிறது. கணக்கிடும் துண்டின் எல்லையும் சேமிக்கும் துண்டின் எல்லையும் பொருந்தினால் பூட்டும் வேண்டாம், மறுபடிப்பும் வேண்டாம்.

2025 ஜனவரியில் வெளியான, ஸாரின் பைத்தான் நூலகமான ஸார்-பைத்தான் 3, பல சிறு துண்டுகளை ஒரே பொருளுக்குள் அடுக்கும் வசதியோடு வந்தது. மேகத்தில் கோடிக்கணக்கான குட்டிக் கோப்புகள் குவிவதை அது தவிர்க்கிறது. படிக்கும் அலகு சிறுதுண்டாகவே இருக்க, எழுதும் அலகு அந்த அடுக்கு முழுவதுமாகிவிட்டது. எனவே எழுதும் நிரல் இப்போது ஓர் அடுக்குக்குரிய எண்கள் அனைத்தையும் நினைவகத்தில் திரட்டிவைத்து ஒரே மூச்சில் எழுதுவதே நல்லது.