காரைக்குடிப் படக்கூடமும் வீட்டுத் திரையின் பிரிதிறனும்

ஒரு காணொளிச் சட்டகத்தில் குறுக்காகவும் நெடுக்காகவும் எத்தனை படப்புள்ளிகள் அடங்கியுள்ளன என்பதே அதன் பிரிதிறன். கைப்பேசியில் 480பி, 720பி, 1080பி, 4கே என வரிசையாகத் தோன்றும் எண்களில் எதைத் தொடுவது என்பது இன்றைய கேள்விபோலத் தெரியும். ஆனால் மக்கள் எந்த அளவு தெளிவான படத்தைப் பார்க்கலாம் என்பதை மின்சாரமும் கம்பியும் காசும் தீர்மானித்து வந்த கதை பழையது. செட்டிநாட்டில் அக்கதையைப் படம் எடுக்கப்பட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம்.

தேவகோட்டை ரஸ்தா

காரைக்குடியில் 1907இல் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், தந்தையின் கடையில் கிராமபோன் இசைத்தட்டு விற்பனையில் தொடங்கித் திரைப்படத் தொழிலுக்குள் வந்தவர். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் புதிதாக ஒரு படக்கூடத்துக்கு மின் இணைப்பு பெறுவது எளிதாக இல்லை. ஆகவே அவர் சொந்த ஊருக்குத் திரும்பி, தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் அமைத்துப் படம் எடுக்கலானார். 1947 பொங்கலையொட்டி வெளியான ‘நாம் இருவர்’ இங்குதான் உருவானது. பாரதியார் பாடல்கள் இடம்பெற்ற அப்படம் பெரும் வெற்றி பெற்றது. 1948இல் ‘வேதாள உலகம்’ வந்தது. அதே ஆண்டில் நிறுவனம் சென்னைக் கோடம்பாக்கத்துக்கு இடம் பெயர்ந்தது. ஆக, ஒரு தொழில் காரைக்குடிக்கு வந்ததற்கே மின் இணைப்பு ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

அக்காலப் படங்கள் 35 மில்லிமீட்டர் படச்சுருளில், ஏறத்தாழ 1.37க்கு 1 என்ற அகல உயர விகிதத்தில் எடுக்கப்பட்டன. படச்சுருளில் புள்ளிகள் இல்லை. வெள்ளி உப்பின் நுண்மணிகளே படத்தை உருவாக்குகின்றன. நல்ல நிலையிலுள்ள மூல எதிர்ச்சுருளை இன்று வருடினால் 2கே அளவுக்கும், பல வேளைகளில் 4கே அளவுக்கும் விவரம் கிடைக்கும். 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012இல் எண்ணிம முறையில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளில் மீண்டும் ஓடியது இதனால்தான் இயன்றது. ஆனால் 1950க்கு முந்தைய சுருள்கள் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும், நாளடைவில் சிதையும் நைட்ரேட் வகை. பல தமிழ்ப் படங்களின் மூலச்சுருள்களே இன்று இல்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிரிதிறனைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இது மீண்டும் தேவைப்படும்.

கோடுகளின் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தென்மாவட்ட வீடுகளுக்குப் படம் வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியை உயரமான ஆன்டெனா நட்டு இராமநாதபுரக் கடலோரத்தார் பார்த்ததும் உண்டு. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பும் 1982இல்தான் தொடங்கியது. இந்த ஒளிபரப்புகள் யாவும் 625 கோடுகள் கொண்டவை. அவற்றில் 576 மட்டுமே படத்துக்குரியவை. அந்தக் கோடுகளும் ஒற்றைப்படை, இரட்டைப்படை என இரு தவணையாகவே வரையப்பட்டன.

அடுத்து வந்தது டெக். கலியாண வீடுகளிலும் தெருமுனைகளிலும் வாடகைக்கு டி.வி.யும் டெக்கும் எடுத்து, விடிய விடியப் படம் போட்டுப் பார்த்த காலம் அது. வி.எச்.எஸ். நாடாவின் கிடைத் தெளிவு ஏறத்தாழ 240 கோடுகள்தான், அதாவது ஒளிபரப்பைவிடவும் குறைவு. பிறகு வந்த வி.சி.டி.யில் படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். யாரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் பார்ப்பதே பெரிதாக இருந்தது. 720க்கு 576 புள்ளி கொண்ட டி.வி.டி. வந்தபோதுதான் ஒளிபரப்புக்கு நிகரான தெளிவு வட்டில் கிடைத்தது.

இணையத்தில்

யூடியூப் 2005இல் தொடங்கியது. அதில் 720பி 2008இலும், 1080பி 2009இலும், 4கே 2010இலும் வந்தன. இந்தியாவில் நான்காம் தலைமுறைக் கைப்பேசி இணையம் 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகையை அடுத்து மலிவானது. அதன்பின்தான் கைப்பேசியிலேயே முழுப்படம் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கமானது.

கம்பியின் கொள்ளளவு மீண்டும் கணக்கில் வந்தது 2020 மார்ச்சில். ஊரடங்கு தொடங்கியதும், அலைவரிசை நெரிசலைத் தவிர்க்க இந்தியாவில் இயங்கிய பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் கைப்பேசி இணைப்பில் 480பிக்கு மேல் தருவதில்லை என ஏப்ரல் 14 வரைக்கும் ஒப்புக்கொண்டன. பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த வேறுபாட்டைக் கவனித்திருப்பார்கள் என்பது சுவையான கேள்வி.

எதைத் தேர்வது

யூடியூப் பரிந்துரைக்கும் வேகம் 480பிக்கு வினாடிக்கு 1.1 மெகாபிட், 720பிக்கு 2.5, 1080பிக்கு 5, 4கேக்கு 20. ஒரு பைட்டுக்கு 8 பிட் எனக் கணக்கிட்டால், மணிக்கு முறையே சுமார் 0.5, 1.1, 2.25, 9 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டம் வைத்திருக்கும் கல்லூரி மாணவருக்கு இதன் பொருள் தெளிவானது. 1080பியில் அவருடைய ஒரு நாள் ஒதுக்கீடு 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்தை 720பியிலும் முடிக்க முடியாது; 480பியில் முடித்து, அன்றைய பாடக் காணொளிக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம். உள்ளங்கையளவு திரையில் அது மோசமாகவும் தெரியாது.

பெரிய திரைக்குக் கண்ணின் கணக்கு வேறு. இயல்பான பார்வை பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைத்தான் பிரித்தறியும். 40 அங்குலத் திரையில் 1080பியின் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐந்தடிக்கு அப்பால் அது தனித்துத் தெரியாது. 720பியின் புள்ளியோ எட்டடிக்கு அப்பால் மறையும். ஆகவே செட்டிநாட்டு வீட்டு வளவில் பத்தடி தள்ளி அமர்ந்து பார்ப்பவருக்கு 720பியும் 1080பியும் ஏறக்குறைய ஒன்றே. பல 32 அங்குலத் தொலைக்காட்சிகளின் திரையே 1366க்கு 768 புள்ளிதான். அதில் 4கே ஓட்டுவது அளவுக்குமீறி வாங்கிய சட்டைபோலத்தான்.

செட்டிநாட்டு வீடுகளுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. முகப்பில் வைத்த வைஃபை கருவியின் அலை, சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த செங்கல் சுவர்களைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போகும்போது தளர்ந்துவிடும். 5 கிகாஹெர்ட்சு அலை 2.4 கிகாஹெர்ட்சைவிட விரைவாகத் தேயும். வேகமான திட்டத்துக்குப் பணம் கட்டியும் படம் மங்கலாக இருந்தால், பிரிதிறனை மாற்றுமுன் கருவியை வளவுப்பக்கம் நகர்த்திப் பார்க்கலாம், அல்லது தொலைக்காட்சிக்கே கம்பி இழுத்துவிடலாம். ‘தானியங்கி’ அமைப்பு வேகத்துக்கேற்பத் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், அளவற்ற இணைப்பில் அதை அப்படியே விடலாம். நாள் ஒதுக்கீடு உள்ள இணைப்பில் கையால் அமைப்பதே நல்லது, ஏனெனில் அலை நன்றாகக் கிடைக்கும் நேரத்தில் தானியங்கி தயங்காமல் மேலே ஏறும்.

இறுதியில் மூலத்தைப் பார்க்கவேண்டும். இணையத்தில் கிடைக்கும் 1940களின் தமிழ்ப் படங்களில் பல, தொலைக்காட்சிக்காக நாடாவில் எடுத்த படிகளிலிருந்து வந்தவை. அவற்றின்மேல் 1080பி என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 576 கோடு. அசைவுகளின் ஓரத்தில் சீப்புப்பல் போன்ற வரிகள் தெரிந்தால் அதுவே சான்று. இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பது குறையன்று, பழைய விகிதம் கெடாமல் இருப்பதன் அடையாளம். அத்தகைய படத்துக்கு 480பி போதும். மீதமாகும் தரவில் பாட்டுகளை இன்னொருமுறை ஓட்டிக்கொள்ளலாம்.